பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு டி-34: டாங்கிக்குள் நான்கு பேர் எப்படி இருந்தார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது எப்படி

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பாடம் எடுக்கும்போதெல்லாம் பிள்ளைகள் டாங்கியைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். கைபேசியில் விளையாடிப் பழகியவர்கள். கவசம் எத்தனை மில்லிமீட்டர், பீரங்கி எவ்வளவு பெரியது என்று என்னைவிடச் சரளமாகச் சொல்வார்கள். உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், எங்கே கால் வைத்தார்கள் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அதற்காகத்தான் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் ஆண்டுதோறும் ஒரு டாங்கி வரைகிறேன். ஒரு மணி நேரம் போதும். மற்ற ஆசிரியர்களும் செய்து பார்க்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது 1941-ல் ஜெர்மனி படையெடுத்தபோது சோவியத் படையிடம் இருந்த டி-34. 76 மில்லிமீட்டர் பீரங்கி, நான்கு பேர். மேலே பீரங்கியோடு சுழலும் கூண்டான டர்ரெட்டில் இரண்டு பேர், கீழே முன்பக்கம் இரண்டு பேர்.

முதலில் 71 சென்டிமீட்டர் நூல் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையை ஒரு பிள்ளை கட்டைவிரலால் தரையில் அழுத்திப் பிடிக்க, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி வட்டம் போடுங்கள். குறுக்களவு 142 சென்டிமீட்டர். டர்ரெட் உட்காரும் வளையத்தின் அளவு அதுதான். "சார், இது வாசலில் அம்மா போடும் கோலம் அளவுகூட இல்லையே" என்று ஒரு பெண் சொன்னாள். நான் பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன்.

வட்டத்துக்குள் வகுப்பு பெஞ்சு ஒன்றை முன்பக்கத்திலிருந்து நடுவைச் சற்றுத் தாண்டும்வரை நீட்டி வையுங்கள். அதுதான் பீரங்கியின் பின்பகுதி. பெஞ்சுக்கு இடப்பக்கம் ஒரு முக்காலி, வலப்பக்கம் ஒரு முக்காலி. இடப்பக்கம் அந்த டாங்கியின் தளபதி, வலப்பக்கம் லோடர், அதாவது பீரங்கியில் குண்டு போடுபவர். சுட்டதும் பீரங்கி ஏறக்குறைய ஓர் அடி பின்னால் பாயும், அதனால் பெஞ்சுக்குப் பின்னால் அந்த ஓர் அடியைச் சாக்பீஸால் கோடிட்டு அடைத்துவிடுங்கள். அங்கே கையோ முழங்காலோ போகக்கூடாது. மிச்சம் இருக்கும் இடத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே பார்த்துக்கொள்வார்கள்.

கூரைக்கு ஒரு கயிறு. தரையிலிருந்து டாங்கியின் உச்சி 2.4 மீட்டர்தான். அதில் அடிவயிற்றுக்கும் மண்ணுக்கும் உள்ள 40 சென்டிமீட்டர் போய்விடும், காலடியில் இருக்கும் குண்டுப் பெட்டிகளின் உயரமும் போய்விடும். நான் கயிற்றை என் நெற்றி மட்டத்தில் தூணுக்குத் தூண் கட்டுவேன். வளர்ந்த பையன்கள் பத்து நிமிடத்தில் கழுத்தைத் தேய்க்க ஆரம்பிப்பார்கள். சோவியத் டாங்கிப் படையினரின் தொப்பியில் ஏன் தடித்தடியாகப் பஞ்சு வரிகள் தைத்திருக்கும் என்று அப்போது சொன்னால் மனதில் நிற்கும்.

இனி குண்டு. இதில் மட்டும் சோம்பல் படாதீர்கள், உண்மையான எடை இருந்தால்தான் பாடம் நடக்கும். பித்தளைக் கூட்டோடு சேர்த்து ஒரு குண்டு சுமார் 9 கிலோ. மூன்று அங்குல பி.வி.சி. குழாயை இரண்டடிக்கு அறுத்து, வெல்டிங் பட்டறையில் துளை போடும்போது விழும் இரும்பு வில்லைகளை நிரப்பினேன். மளிகைக் கடைத் தராசில் வைத்து, 9 வரும்வரை ஒவ்வொரு கை போட்டோம். முதல் ஆண்டு மூடியைப் பசை போட்டு மட்டும் ஒட்டியிருந்தேன். ஒரு பையன் தூக்கியதும் மூடி கழன்று அத்தனை இரும்பும் என் கால் விரல் மேல் கொட்டியது, நகம் போய்விட்டது. மூடிக்குக் குறுக்கே திருகாணி போடுங்கள், எல்லோரும் ஷூ போட்டிருக்கட்டும். கனமான குண்டு இரண்டு போதும். மற்றவற்றுக்கு மண் நிரப்பிய தண்ணீர் பாட்டில்.

அந்த டாங்கி 77 குண்டு சுமந்தது. அதில் கைக்கு எட்டும் சுவரில் மாட்டியிருந்தவை 9 மட்டும். மற்ற 68-ம் தரையில் பெட்டிகளுக்குள். பெட்டிகளின் மேல் ரப்பர் விரிப்பு, அதன் மேல்தான் லோடர் நிற்க வேண்டும். ஆக, ஒன்பது பாட்டிலைத் தூணோரம் நிறுத்துங்கள். மற்றவற்றை வட்டத்துக்குள் படுக்க வைத்து மேலே பாயை விரியுங்கள். லோடராக வரும் பிள்ளை முதல் ஒன்பதையும் சுறுசுறுப்பாக எடுத்துக் கொடுப்பாள். பத்தாவது குண்டுக்கு அவள் தான் நிற்கும் பாயையே உருவ வேண்டும். கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு நேரத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். எங்கள் பள்ளியில் அடுத்த ஒன்பதுக்கு எப்போதும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது.

இப்போது பெஞ்சைச் சுற்றுங்கள். மூன்று பேர் பெஞ்சையும் தளபதியின் முக்காலியையும் சேர்த்து மெல்லத் திருப்பட்டும். பாய் திரும்பாது. டி-34-ல் டர்ரெட்டோடு சேர்ந்து சுழலும் தரை கிடையாது. மேலே எல்லாம் சுற்ற, லோடர் திறந்த பெட்டிகளுக்கு நடுவே, சுட்டு விழுந்த சூடான பித்தளைக் கூடுகளை மிதித்துக்கொண்டு, பீரங்கிக்குப் பின்னாலேயே நடக்க வேண்டும். வெடிமருந்துப் புகையை வெளியே தள்ளும் விசிறியும் போதவில்லை. தொடர்ந்து சுடும்போது லோடர்கள் மயங்கி விழுந்ததை அந்தப் படையினர் பலர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

ஓட்டுநரை வட்டத்துக்கு வெளியே, இடப்பக்கம் முன்னால், தரையோடு தரையாக ஒரு குட்டை முக்காலியில் உட்கார வையுங்கள். அவருக்கு வலப்புறம் ரேடியோக்காரர், இயந்திரத் துப்பாக்கியும் அவர் பொறுப்பு. முதல் ஆண்டுகளில் பல டாங்கிகளில் ரேடியோவே இல்லை, கொடியசைத்துத்தான் கட்டளை. கியரை மாற்ற ஓட்டுநரின் கைப்பலம் போதாமல் இவரும் சேர்ந்து இழுத்ததுண்டு.

பின்னால் 500 குதிரைத்திறன் டீசல் இன்ஜின், அடியில் இரும்புச் சங்கிலி. இரண்டு பேரைத் தகரம் தட்டச் சொல்லிவிட்டுத் தளபதியைப் பேசச் சொல்லுங்கள், ஒன்றும் கேட்காது. அதனால் அவர்கள் காலால் பேசினார்கள். தளபதி பூட்ஸால் ஓட்டுநரின் இடத் தோளை அழுத்தினால் இடம், வலத் தோளை அழுத்தினால் வலம், தலையைத் தொட்டால் நில். லோடரின் முகத்துக்கு நேரே முஷ்டியைக் காட்டினால் கவசம் துளைக்கும் குண்டு, விரல்களை விரித்துக் காட்டினால் சிதறும் குண்டு. எங்கள் பிள்ளைகளுக்குக் காலால் தொடச் சொன்னதும் சங்கடமாகிவிட்டது. ஒருத்தி தோழியின் தோளில் பாதத்தை வைத்த மறு நொடியே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து துணி சுற்றிய கம்பு வைத்துக்கொண்டேன்.

தளபதிக்கு மட்டும் தனியாக ஒரு சோதனை வையுங்கள். அந்த டாங்கியில் அவர்தான் குறிபார்த்துச் சுட வேண்டும், எதிரியைத் தேட வேண்டும், ஓட்டுநருக்கு வழி சொல்ல வேண்டும், லோடருக்கு எந்தக் குண்டு என்று காட்ட வேண்டும். ஒரு காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி அவர் கண்ணில் வைத்து, எதிர்ச் சுவரில் ஒட்டிய படத்தைக் குறிபார்க்கச் சொல்லுங்கள். அதே நேரம் பக்கவாட்டில் ஒரு பிள்ளை நடந்து போகட்டும். இதுவரை ஒரு தளபதியும் அதைப் பார்த்ததில்லை. 1941-ல் ஜெர்மனியின் மூன்றாம் எண் பான்சர் டாங்கிக்குக் கவசமும் பீரங்கியும் டி-34-ஐவிடக் குறைவு. ஆனால் அதன் டர்ரெட்டில் மூன்று பேர். தளபதி சுட வேண்டியதில்லை, சுற்றிலும் பார்த்துக் கட்டளையிடுவதே அவர் வேலை. யார் முதலில் பார்த்தார்களோ அவர்களே முதலில் சுட்டார்கள். என் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கும் மில்லிமீட்டர் கணக்கில் இது வராது.

பிறகு வேறு வண்ணச் சாக்பீஸில், அதே மையத்திலிருந்து 80 சென்டிமீட்டர் நூலால் இன்னொரு வட்டம். இது டி-34-ன் அடுத்த வடிவமாக 1944-ல் களத்துக்கு வந்த டி-34-85. பதினெட்டு சென்டிமீட்டர்தான் கூடியது, அதற்குள் மூன்றாவது ஆள் வந்துவிட்டார், தளபதிக்குக் கண் விடுதலையானது. லோடருக்கு மட்டும் சுமை கூடியது, குண்டு இப்போது சுமார் 16 கிலோ. நேரமிருந்தால் அமெரிக்க ஷெர்மன் டாங்கிக்கு 175 சென்டிமீட்டர் குறுக்களவில் வட்டமும் போடலாம்.

கடைசியில் வெளியேறும் பயிற்சி. டி-34-ன் டீசல் தொட்டிகளில் சில ஆட்களின் பக்கத்திலேயே இருந்தன, அதனால் நொடிகள்தான் கணக்கு. டர்ரெட் மூடி பூட்டிக்கொண்டு திறக்காமல் போய்விடும் என்ற பயத்தில் சிலர் அதைப் பூட்டாமல் இடுப்பு வாரால் இழுத்துக் கட்டி வைத்திருந்தார்கள், தலையால் முட்டினால் திறந்துகொள்ளும். ஓட்டுநருக்கு முன்னால் ஒரு மூடி உண்டு. ரேடியோக்காரருக்கு மேலே தனி மூடி இல்லை. அடித்தளத்தில் ஓர் அவசர வழி உண்டு. இல்லையென்றால் ஓட்டுநர் போன பிறகு அவர் இருக்கையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

நான் விசில் ஊதுவேன். மூன்று பேர் கோட்டுக்கு வெளியே வந்ததும் நான்காவது பிள்ளை எங்கே இருக்கிறான் என்று எல்லோரையும் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் ஓட்டுநரின் முக்காலியில் கால் சிக்கி, பாதி தூரத்தில் இருப்பான். அடுத்த சுற்றுக்கு அந்த இடத்தில் உட்கார யார் வருகிறீர்கள் என்று கேட்பேன், உடனே யாரும் கை தூக்குவதில்லை.