கூகுள் மேப்பில் உங்கள் கடை மேலே வர

முதலில் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் (கூகுளில் உங்கள் கடை விவரங்களைக் காட்டும் பக்கம்) முதன்மை வகையை, அதாவது கடை என்ன தொழில் என்று சொல்லும் இடத்தைப் பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஏசி பழுதுபார்ப்பவர் ‘எலக்ட்ரிக்கல் கடை’ என்று போட்டிருந்தால், ‘ஏசி சர்வீஸ்’ தேடுபவர் கண்ணில் படுவது கஷ்டம். முதன்மை வகை ஒன்றுதான். கூடுதலாக 9 வரை சேர்க்கலாம். செய்யாத வேலையைச் சேர்க்காதீர்கள். பெயர்ப் பலகையில் உள்ள பெயரையே கொடுங்கள். ‘சிறந்த’, ‘மலிவான’ என்று வால் ஒட்டினால் புரொஃபைலே முடங்கலாம்.

அடுத்து இணையதளம். பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் புரொஃபைலில் உள்ளபடியே, படமாக இல்லாமல் எழுத்தாக இருக்க வேண்டும். கடை இடம் மாறிய பிறகும் ‘தொடர்புக்கு’ பக்கத்தில் பழைய முகவரி தங்கிவிடும். பழைய நம்பரை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

ஒவ்வொரு சேவைக்கும் தனிப் பக்கம், தலைப்பில் சேவையும் ஊரும். ஆனால் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி 20 பக்கம் நகலெடுத்தால் அது ஸ்பேம் கணக்கில் சேரும்.

ரிவ்யூ கேட்கலாம், தள்ளுபடி காட்டிக் கேட்பது விதிமீறல். கடையில் உட்கார்ந்தபடியே தேடி ‘முதலிடம்’ என்று மகிழாதீர்கள், தூரமும் கணக்கில் வரும். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தேடிப் பாருங்கள்.