ஆயிலைக் கேட்டால் காகிதத்தின் வயது தெரியும்

டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் கெட்டால் வடிகட்டலாம், மாற்றலாம். வைண்டிங்கில், அதாவது உள்ளேயிருக்கும் கம்பிச்சுருளில், மின்காப்புக்காகச் சுற்றிய காகிதத்தை அப்படி மாற்ற முடியாது. அதனால் டிரான்ஸ்ஃபார்மரின் ஆயுள் என்று நான் கணக்கில் எடுப்பது அந்தக் காகிதத்தின் ஆயுளைத்தான். டாங்கைத் திறக்காமலே அதன் நிலையை ஆயிலிலிருந்து கணிக்கலாம். சாம்பிளைச் சரியாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மழையில் எடுக்க வேண்டாம். சாம்பிள் வால்வின் வாயை நூல் உதிராத துணியால் துடையுங்கள். முதலில் வரும் ஆயிலைத் தனி வாளியில் விடுங்கள். வால்வில் தேங்கிய தண்ணீரும் அழுக்கும் அதோடு போய்விடும். அப்புறம் பாட்டிலை அதே ஆயிலால் அலசி, நுரைக்காமல் நிரப்புங்கள். ஆயிலில் கரைந்த வாயுக்களை ஆய்வு செய்யக் கண்ணாடி சிரிஞ்ச் வேண்டும். பிஸ்டனைக் கையால் இழுக்காதீர்கள். ஆயிலின் அழுத்தமே அதைத் தள்ளட்டும். குமிழி வந்தால் வெளியேற்றிவிட்டு மறுபடி நிரப்புங்கள். லேபிளில் ஆயிலின் வெப்பநிலையைக் கட்டாயம் எழுதுங்கள். ஈரத்தில் பெரும்பங்கு காகிதத்தில்தான் இருக்கும், சூடு ஏறினால் ஆயிலுக்கு வரும். வெப்பநிலை தெரியாமல் ஈரத்தின் அளவை மட்டும் பார்த்துப் பயனில்லை.

பிடிவி (ஆயில் எவ்வளவு மின்னழுத்தம் வரை தாங்கும் என்ற அளவு) நன்றாக வந்ததும் ரிப்போர்ட்டை மூடிவிடுகிறார்கள். 2.5 மி.மீ. இடைவெளியில் நடக்கும் அந்தச் சோதனை ஆயிலைப் பற்றித்தான் சொல்லும். காகிதம் சிதைவதைக் காட்டுவது ஃபியூரான், அதாவது காகிதம் சிதையும்போது உண்டாகி ஆயிலில் கரையும் வேதிப்பொருள். கார்பன் மோனாக்சைடையும் கார்பன் டையாக்சைடையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். ஆயிலை வடிகட்டினால் ஃபியூரான் குறையும். காகிதம் இளமையாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வடிகட்டிய தேதியைப் பதிவேட்டில் குறித்து வையுங்கள்.

புதுக் காகிதத்தில் செல்லுலோஸ் சங்கிலியின் நீளம் சுமார் 1000 கண்ணிகள். அது 200-க்கு வந்தால் ஆயுள் முடிந்ததாகக் கொள்கிறோம். அப்போதும் மின்னழுத்தத்தை அது தாங்கக்கூடும்; ஷார்ட் சர்க்யூட்டில் வைண்டிங் உதறும்போதுதான் கிழியும்.

சாதாரணக் காகிதத்துக்கு ஹாட் ஸ்பாட், அதாவது வைண்டிங்கில் மிகச் சூடான இடம், 98 டிகிரி செல்சியஸ் என்பது கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் முதுமை வேகம் இரட்டிப்பாகும். ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் இன்னும் மோசம். எனவே கூலிங் ஃபேன்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பிரீதரில் (டாங்குக்குள் போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குப்பியில்) நீல சிலிக்கா ஜெல் வெளிறிய இளஞ்சிவப்பானதும் மாற்றுங்கள், அடியிலுள்ள ஆயில் கப்பையும் நிரப்புங்கள்.