பழைய பல்லில் பிளேக்கைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிர்கிஸ்தானில் இசிக்-குல் ஏரி வட்டாரத்தில் காரா-ஜிகாச் என்றொரு பழைய கல்லறைத் தோட்டம். 1338, 1339 ஆண்டுக் கல்லறைக் கற்கள் மட்டும் அங்கே அளவுக்கு மீறிக் குவிந்து கிடக்கின்றன. சில கற்களில், கொள்ளைநோயால் இறந்தவர் என்றே சிரியாக் என்ற பழைய கிறிஸ்தவ வழிபாட்டு மொழியில் பொறித்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் புதைக்கப்பட்ட ஏழு பேரின் பற்களைச் சோதித்தார்கள். மூன்று பேரிடம்தான் பிளேக் கிருமியான யெர்சினியா பெஸ்டிஸின் டிஎன்ஏ கிடைத்தது. 2022-இல் வெளியான ஆய்வு இது.

மற்ற நால்வருக்கும் பிளேக் இல்லை என்று சொல்லிவிடலாமா? கூடாது. பலரும் சறுக்கும் இடம் இதுதான். சாகும்போது கிருமி ரத்தத்தில் கலந்திருந்தால்தான் பல்லின் உள்ளே ரத்தக்குழாய் ஓடும் கூழுக்குள் போய்ச் சேரும். அப்புறம் வெப்பமும் ஈரமும் நூற்றாண்டுக் கணக்கில் அந்த டிஎன்ஏவை நொறுக்கிக்கொண்டே இருக்கும். கிடைத்தால் சான்று, கிடைக்காவிட்டால் எதையும் மறுக்க முடியாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: ஒரே ஒரு டிஎன்ஏ துணுக்கைப் பார்த்துவிட்டுப் பிளேக் என்று அறிவிப்பது. 2015-இல் நியூயார்க் சுரங்க ரயிலில் பிளேக் கிருமியின் தடயம் இருப்பதாகச் செய்தி வந்து, பிறகு ஆய்வாளர்களே திருத்த வேண்டியதாயிற்று. இந்தக் கிருமிக்கு மண்ணில் வாழும் நெருங்கிய உறவுக்காரக் கிருமிகள் உண்டு. அதனால் மரபுத்தொகுதி, அதாவது கிருமியின் மொத்த டிஎன்ஏ, நெடுகப் பொருத்தம் பார்க்க வேண்டும். துணுக்குகள் குட்டையாக, முனைகளில் டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் இன்னொன்றான தைமினாக மாறியதுபோல் தெரிந்தால்தான் அது பழையது என்று நம்பலாம்.

சரி, நோய் பரவிய பாதையைக் காட்டும் வரைபடத்துக்கு வருவோம். லண்டனின் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டு இடுகாட்டில் 1348–50-இல், கறுப்பு மரணம் எனப்படும் பிளேக்கின்போது, புதைக்கப்பட்டவர்களிடம் கிடைத்த வகைக்கு, காரா-ஜிகாச் வகை மூதாதை. உடனே இரண்டையும் ஒரு அம்புக்குறியால் இணைத்து, நோய் போன பாதை இதுதான் என்கிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தருகிற பழக்கம். மரபுக்கிளை சொல்வது உறவை; வழியை அல்ல. இடையில் எத்தனையோ ஊர்களில் யாரும் பல்லைச் சோதித்ததே இல்லை. கிடைத்த பழைய மரபுத்தொகுதிகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்து வந்தவை. கிருமியின் டிஎன்ஏ மாறும் வேகமும் எல்லாக் கிளையிலும் ஒன்றல்ல. மாற்றங்களை எண்ணி ஆண்டைக் குறித்தால் தவறிப்போகும். காரா-ஜிகாச்சில் ஆண்டை உறுதியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அந்தக் கல்வெட்டுகள்தான்.