பூட்டு வாங்கும் முன் ஒரு மூங்கில் கம்பை எடுங்கள்

துணி காயப்போடும் மூங்கில் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே போய் நில்லுங்கள். கேட் பூட்டியிருக்கட்டும். மரக்கதவு மட்டும் திறந்திருக்கட்டும், பகலில் காற்றுக்காக நாம் எல்லாரும் வைப்பதுபோல. இப்போது கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே மூங்கிலை விட்டு என்னவெல்லாம் எட்டுகிறது என்று பாருங்கள்.

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் நாலறை வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இதைச் செய்தேன். ஆணியில் தொங்கிய சாவிக்கொத்து முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது. சோபா ஓரத்தில் இருந்த மனைவியின் கைப்பை இரண்டாவது. பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, சொந்த வீட்டுலயே கைவைக்கிறீங்க?" என்றார்.

கேமராவுக்கும் டிஜிட்டல் பூட்டுக்கும் காசைக் கொட்டிவிட்டு, கை எட்டும் தூரத்தில் சாவியைத் தொங்கவிடுவதுதான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு. அதற்குப் பயந்து சாவியைப் படுக்கையறை அலமாரிக்குள் ஒளித்து வைப்பது அதைவிட மோசம். இரவில் கேட்டை உள்பக்கமாகத் தொங்கு பூட்டுப் போட்டுப் பூட்டியிருக்கிறீர்கள், அடுப்படியில் தீ பிடிக்கிறது, புகையில் கண் தெரியவில்லை. அந்த நேரத்தில் அலமாரியைத் துழாவ முடியுமா? வாசலுக்குப் பக்கத்திலேயே, ஆனால் கேட்டிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கச் சுவரில் ஒரு கொக்கி அடியுங்கள். மூங்கில் எட்டக் கூடாது. வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் பணிப்பெண்ணுக்கும் இருட்டில் கை நேராக அங்கே போக வேண்டும். இரண்டு வெள்ளிச் செலவுக்குள் வேலை முடிந்துவிடும்.

பழைய புளோக்குகளில் படுக்கையறை ஜன்னல் பொதுத் தாழ்வாரத்தைப் பார்த்து இருக்கும். கிரில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்போம். கிரில் ஆளைத் தடுக்கும், கையைத் தடுக்காது. ஜன்னலோரம் சார்ஜில் கிடக்கும் கைபேசியும், மேசைமேல் கழற்றி வைத்த கடிகாரமும் போவது அப்படித்தான். மேசையை எதிர்ச் சுவருக்கு நகர்த்துங்கள்.

அடுத்தது தொங்கு பூட்டு. உடல் பெரியதாக இருந்தால் பலமான பூட்டு என்று நினைத்துவிடுகிறோம். வெட்டுபவன் உடலை வெட்டுவதில்லை, வளையத்தைத்தான் வெட்டுவான். வளையம் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். பூட்டியபின் வளையத்துக்கும் உடலுக்கும் நடுவே எவ்வளவு குறைந்த இடம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது, கட்டர் நுழையாது. பூட்டு இறுகினால் நம் வீடுகளில் உடனே தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தேடுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான். இரண்டு வாரம் நன்றாக ஓடும், பிறகு தூசியும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகிவிடும். சாவியின் பற்களில் பென்சிலை நன்றாகத் தேய்த்து, பூட்டில் விட்டு நாலைந்து முறை திருப்புங்கள். பென்சில் கரியான கிராஃபைட் போதும்.

மறுவிற்பனை வீடு வாங்குபவர்கள் சமையலறை டைல்ஸுக்கு மாதக்கணக்கில் யோசிப்பார்கள், வாசல் பூட்டை அப்படியே விட்டுவிடுவார்கள். முந்தைய உரிமையாளர், அவருடைய வாடகைக்காரர், முகவர், புதுப்பிப்பு ஆட்கள் என்று எத்தனை பேரிடம் நகல் சாவி இருக்கிறதோ! முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. பல கதவுகளில் சாவி நுழையும் உருளையை மட்டும் தனியாகக் கழற்றலாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் விளிம்பைப் பாருங்கள். சாவித் துளைக்கு நேராக ஒரு நீளமான திருகாணி இருக்கும். அதைக் கழற்றி, சாவியைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பி இழுத்தால் உருளை கையோடு வந்துவிடும். நேராக இழுத்து வராவிட்டால் சாவியை இம்மி இம்மியாகத் திருப்பிப் பாருங்கள், ஓர் இடத்தில் வழுக்கிக்கொண்டு வரும். அதையே வன்பொருள் கடைக்கு எடுத்துப் போங்கள், நீளம் சொல்லித் திண்டாட வேண்டாம். திருகாணித் துளையிலிருந்து இரு முனைக்கும் உள்ள அளவு வேறுவேறாக இருக்கலாம். புதியது கதவுத் தகட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வாங்காதீர்கள், இடுக்கியால் பிடித்து உடைக்க வசதியாகிவிடும். கடைக்குப் போகும்போது வீட்டில் ஓர் ஆள் இருக்கட்டும், கதவில் ஓட்டை அல்லவா இருக்கிறது!

டிஜிட்டல் பூட்டு நல்லதுதான். ஆனால் தீத்தடுப்புக் கதவு கொடுத்திருக்கும் வீடுகளில் நாமே டிரில்லைத் தூக்கித் துளை போட்டால் கதவு அந்தத் தகுதியை இழந்துவிடும். அத்தகைய கதவுக்கு, அதற்கென்று சான்று பெற்ற பூட்டுதான் பொருந்தும். எண்ணாக வீட்டு எண்ணையோ பிள்ளையின் பிறந்த தேதியையோ வைக்காதீர்கள். புதுப்பிப்பு ஆட்களுக்குச் சொன்ன எண்ணை அவர்கள் போன அன்றே மாற்றுங்கள்.

இனி கேமரா. 2023 மே மாதத்திலிருந்து, வீட்டுக்குள்ளேயே வைத்துத் தாழ்வாரத்தைப் பார்க்கும் கேமராவுக்கு வீவகவிடமோ நகர மன்றத்திடமோ அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதற்காக எதிர்வீட்டுக் கதவையும் ஜன்னலையும் படம் பிடிக்கலாம் என்று அர்த்தமில்லை. வெளிச் சுவரில் பொருத்துவதாக இருந்தால் முதலில் நகர மன்றத்தைக் கேட்க வேண்டும். கேமரா விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை வேறு. 2020 அக்டோபரில் சிங்கப்பூர் வீடுகளின் உள்ளே இருந்த கேமராக்களை ஊடுருவி எடுத்த காட்சிகள் ஆபாசத் தளங்களில் வெளியாயின. காவலுக்கு வைத்ததே களவுக்கு வழியாகிவிட்டது. பெட்டியில் வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள், மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள், படுக்கையறையில் கேமராவே வேண்டாம். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் முத்திரை பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் நான்கு நிலைகள் உண்டு. ஐந்து வெள்ளி மிச்சம் பிடிக்க முத்திரையில்லாததை இணையத்தில் வாங்குவது எனக்கு உடன்பாடில்லை.

காலணி அலமாரி, துளசித் தொட்டியின் அடி, தண்ணீர் மீட்டர் பெட்டி. இந்த மூன்றும் சாவி ஒளிக்கும் இடங்கள் என்பது ஊருக்கே தெரியும்.

ஆள் இல்லாத வீடு எப்படித் தோன்றும் என்பதுதான் கடைசியாக யோசிக்க வேண்டியது. 2024 ஜூன் முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை ரயில் பாதை நடைவழி, புக்கிட் தீமா சாலைப் பக்கத்துத் தனியார் வீடுகளில் 10 திருட்டுகள் நடந்தன. ஊருக்குப் போகும்போது வரவேற்பறை விளக்கை நாள் முழுக்க எரியவிட்டுப் போவார்கள் சிலர். பட்டப்பகலில் மூன்று நாளாக எரியும் விளக்கு, வீட்டில் ஆள் இல்லை என்று தண்டோரா போடும். சாமி விளக்கை ஏற்றிவிட்டுக் கிளம்புவது இன்னும் ஆபத்து. ஒரு டைமர் பிளக் வாங்கி மாலை 7 முதல் 11 வரை வைத்துவிடலாம். கேட் கைப்பிடியில் செருகும் பீட்சா, டியூஷன் விளம்பரத் தாள்களை எடுத்துவிடப் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். விமான நிலையப் படத்தைத் திரும்பி வந்தபின் போட்டுக்கொள்ளலாம்.

போன டிசம்பரில் தஞ்சாவூர் போயிருந்தோம். இரண்டாம் நாள் இரவு மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்: "தம்பி, உங்க வீட்ல லைட் தானா எரியுது. போலீசைக் கூப்பிடவா?" டைமர் வைத்ததை அவரிடம் சொல்ல மறந்திருந்தேன்.