கட்டுரையை எந்த ஜேர்னலுக்கு அனுப்புவது? மாமியின் கணக்கு

"மாமி, இந்த ஜேர்னலுக்கு இம்பெக்ட் ஃபெக்டர் ஏழு தசம் இரண்டாம். ஏழு நாளில போட்டுத் தருவாங்களாம். அனுப்பட்டா?"

தம்பியின் மகள் மடிக்கணினியைக் குசினி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள். அவளுடைய ஆய்வு மட்டக்களப்பு வாவி முகத்துவாரத்தைப் பற்றியது. மண்திட்டு வெட்டிவிட்ட பிறகு உவர்நீர் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று ஒரு மாரி முழுக்கத் தோணியில் போய் அளந்திருக்கிறாள். இம்பெக்ட் ஃபெக்டர் என்பது ஒரு ஜேர்னலின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தரம் மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற இலக்கம். நான் அதைப் பார்க்கவில்லை. "அந்த ஜேர்னல் கடைசியாப் போட்ட பத்துக் கட்டுரைட தலைப்ப வாசி, கேப்பம்" என்றேன். முதலாவது மண் அரிப்பு. இரண்டாவது ஏதோ பாறை. மூன்றாவது நீரிழிவு நோய். நாலாவதைத் தாண்டி ஐந்தாவதுக்கு வந்தால், வங்கி வாடிக்கையாளர் திருப்தி. ஆறாவதை அவள் வாசிக்கவில்லை. தானாகவே மூடிவிட்டாள்.

நான் கல்லடியில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். வேலையோடு வேலையாக எம்.ஃபில். செய்தேன். கல்லடியிலிருந்து நாவலடி வரை, கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் மணல் நாக்கில், 24 கிணறுகளின் உவர்த்தன்மையை மாதம் ஒரு தடவை அளந்ததுதான் என் ஆய்வு. அளப்பது சுகமான வேலை. கிணற்றடியில் யாராவது தேத்தண்ணி தருவார்கள். எழுதியதை எங்கே அனுப்புவது என்ற இடத்தில்தான் இரண்டு தரம் வழுக்கி விழுந்தேன். 2018இல் பெரிய இலக்கம் உள்ள ஒரு ஜேர்னலுக்கு அனுப்பினேன். நாலாம் நாள் இரண்டு வரியில் திரும்பி வந்தது, எங்கள் எல்லைக்குள் இல்லை என்று. ரோசம் வந்து, அடுத்த வருடம் மின்னஞ்சலில் "மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று அழைத்த இன்னொன்றுக்கு 150 டொலர் கட்டினேன். அப்போது அது 27,000 ரூபா. கட்டுரை வந்தது. ஒரு எழுத்துப்பிழைகூடத் திருத்தாமல், நான் அனுப்பியபடியே வந்தது. இரண்டு வருடத்தில் அந்த இணையத்தளத்தையே காணோம். ஆகவே கீழே சொல்வது காசு கட்டிப் படித்த பாடம்.

முதல் வேலை, ஜேர்னல் எதைப் பற்றிப் பேசுகிறது என்று பார்ப்பது. இதற்கு எல்லோரும் நோக்கத்தையும் எல்லையையும் சொல்லும் "எயிம்ஸ் அண்ட் ஸ்கோப்" பக்கத்துக்குப் போவார்கள். அந்தப் பக்கம் கலியாணத் தரகர் பேச்சு மாதிரி. பாறை, நீர், காலநிலை, கடல், அனர்த்தம், எல்லாம் எங்களுக்குச் சம்மதம் என்றுதான் இருக்கும். உண்மை கடைசி இரண்டு வருட உள்ளடக்கப் பட்டியலில் இருக்கிறது. ஒரு அப்பியாசக் கொப்பியை எடுங்கள். நாற்பது தலைப்புகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று விடயம் குறியுங்கள்: எந்த இடம், என்ன முறை, என்ன கேள்வி. அரை நாள் பிடிக்கும். இருபதாவது தலைப்பிலேயே அந்த ஜேர்னலின் குணம் பிடிபடத் தொடங்கும். தலைப்பில் ஊர்ப்பெயர் முன்னுக்கு நிற்கிறதா, கேள்வி முன்னுக்கு நிற்கிறதா என்பதை மட்டும் விடாமல் பாருங்கள். ஊர்ப்பெயரே வராத ஜேர்னலுக்கு "நாவலடிக் கிணறுகள்" என்று தொடங்கும் கட்டுரையை அனுப்பினால் நாலு நாளில் திரும்பித்தான் வரும். எனக்கு வந்தது போல.

எங்களுக்குத் தெரிந்த ஒன்றையே உதாரணமாக எடுப்போம். 2004 டிசம்பர் 26 கடல். இலங்கைக் கரையில் அலை எவ்வளவு உயரத்துக்கு வந்தது, எங்கே உடைத்தது என்ற களக் கணிப்பு 2005இல் சயன்ஸ் இதழில் சின்னக் கட்டுரையாக வந்தது. அவசரமும் உலக முக்கியமும் சேர்ந்த செய்தி என்பதால் அது அங்கே போனது. அதே கடல் எங்கள் கிணறுகளுக்குள் இறங்கித் தரைக்கீழ் நீரை உவராக்கிய கதை 2006இல் வோட்டர் ரிசோர்ஸஸ் ரிசேர்ச்சில் வந்தது. அங்கே கேள்வி உப்பு எப்படி உள்ளே போனது, எப்படி வெளியேறும் என்பது. பிறகு 2014இல் ஜியாலஜி இதழில் தெற்குக் கரைக் களப்பு ஒன்றின் அடிமண்ணைத் துளைத்து, ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முந்திய கடல்கோள்களின் மணல் படைகளைத் தேடிய கட்டுரை வந்தது. ஒரே கடல்கோள், மூன்று வாசகர் கூட்டம். கிணற்றுக் கட்டுரையை ஜியாலஜிக்கு அனுப்பியிருந்தால் தரம் குறைவென்று யாரும் சொல்லமாட்டார்கள். வாசல் பிழை என்பார்கள்.

இதைவிடச் சுருக்கமான வழியும் உண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானே பிந்தித்தான் கண்டுபிடித்தேன். உங்கள் கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். உசாத்துணைப் பட்டியலில் எந்த ஜேர்னல் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணுங்கள். என் பட்டியலில் 46 இருந்தன. அதில் ஒன்பது ஹைட்ரோஜியோலஜி ஜேர்னலில் வந்தவை. அதாவது தரைக்கீழ் நீர் ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கத்தின் இதழ். என்னைத் திருப்பி அனுப்பிய ஜேர்னலிலிருந்து ஒன்றுகூட இல்லை. யாரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று என் பட்டியலுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

இனி இலக்கம். இம்பெக்ட் ஃபெக்டர் என்பது வெறும் வகுத்தல் கணக்கு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்யும். 2024க்கான இலக்கம் வேண்டுமென்றால், 2022இலும் 2023இலும் அந்த ஜேர்னலில் வந்தவை 2024இல் எத்தனை தரம் மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணி, அந்த இரண்டு வருடத்துக் கட்டுரைகளின் தொகையால் வகுக்கிறார்கள். தம்பி மகளுக்குக் கொப்பியில் செய்து காட்டினேன். 2022இல் 90 கட்டுரை, 2023இல் 110, மொத்தம் 200 என்று வைப்போம். 500 மேற்கோள். விடை 2.5. சரி, அந்த 200இல் ஒரேயொரு கட்டுரை மட்டும் 200 மேற்கோள் வாங்கியிருக்கிறது என்றால்? அதை எடுத்துவிட்டால் 300ஐ 199ஆல் வகுக்க வேண்டும். 1.5 தான். "ஒருவன் வலையில சுறா விழுந்ததுக்காக வாவியில இறால் பிடிச்சவனெல்லாம் பணக்காரனா?" என்று கேட்டேன். சிரித்தாள். ஆனால் சராசரி என்றால் அதுதான். ஜேர்னலின் இலக்கம் உங்கள் கட்டுரையின் இலக்கம் ஆகாது. 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய டோரா பிரகடனம், ஆளையோ கட்டுரையையோ ஜேர்னல் இலக்கத்தைக் கொண்டு அளக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வதும் இதனால்தான். எங்கள் பக்கப் பதவியுயர்வுப் படிவங்கள் அந்த வேண்டுகோளைக் காதில் வாங்குவது போலத் தெரியவில்லை. அது வேறு சண்டை.

புவி விஞ்ஞானத்துக்கு இந்த இரண்டு வருடக் கணக்கு இன்னும் ஒரு விதத்தில் பொருந்தாது. எங்கள் மணல் நாக்கில் நன்னீர் ஏன் கிணற்றில் கிடைக்கிறது? மழைநீர் மணலுக்குள் இறங்கி, பாரமான உப்புநீரின் மேல் வில்லை மாதிரி மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். ஆகவே மோட்டர் போட்டு மேல்மட்டத்தை ஒரு சாண் இறக்கினால், கீழேயிருந்து உப்பு நாற்பது சாண் ஏறப் பார்க்கும். சுனாமிக்குப் பிறகு கிணறு இறைப்பதில் அவசரப்பட்டால் கேடு என்று ஆய்வாளர்கள் சொன்னதன் உள்விடயமும் இதுதான். இந்தக் கணக்கை ஒல்லாந்துப் பொறியியலாளர் பாடொன் கைபனும் ஜெர்மானியர் ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியாகக் கண்டார்கள். ஹெர்ஸ்பேர்க்கின் கட்டுரை வந்தது 1901இல். எந்த இதழில் தெரியுமா? எரிவாயு விளக்குக்கும் நீர் விநியோகத்துக்குமான ஒரு ஜெர்மன் இதழில். 120 வருடம் தாண்டியும் கரையோரக் கிணறு பற்றி எழுதுகிறவர் அதைச் சொல்லாமல் போவது அரிது. இம்பெக்ட் ஃபெக்டர் கணக்கில் அதன் பெறுமதி பூச்சியம். இரண்டு வருடம் எப்போதோ முடிந்துவிட்டதே.

அதனால் புவி விஞ்ஞான ஜேர்னலை எடைபோடும்போது "சைட்டட் ஹாஃப் லைஃப்" என்ற இன்னொரு இலக்கத்தையும் தேடிப் பாருங்கள். அந்த வருடம் கிடைத்த மேற்கோள்களில் பாதி எத்தனை வருடத்துக்கு முந்திய கட்டுரைகளுக்குப் போகின்றன என்று அது சொல்லும். இது நீளமாக இருந்தால், அங்கே வரும் கட்டுரைகளை ஆட்கள் பழையதென்று தூக்கி எறிவதில்லை என்று அர்த்தம். ஐந்து வருட இம்பெக்ட் ஃபெக்டரும் இரண்டு வருடத்தைவிட எங்கள் துறைக்கு நியாயமானது. எர்த் சயன்ஸ் ரிவியூஸ் போன்றவற்றின் இலக்கம் உயர்ந்து நிற்பதைக் கண்டு மயங்கவும் வேண்டாம். அங்கே வருபவை ஒரு துறை முழுவதையும் திரட்டி எழுதும் மீளாய்வுகள். மேற்கோளுக்குத் தோதானவை. ஒரு மாரியில் அளந்த தரவோடு போகிற இடமல்ல.

சைட்ஸ்கோர் என்பது ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தின் கணக்கு. நான்கு வருடத்தில் வந்தவற்றுக்கு அதே நான்கு வருடத்தில் கிடைத்த மேற்கோள்களின் சராசரி. சன்னல் அகலமானதால் இலக்கம் பெரிதாகத் தெரியும். ஒரு ஜேர்னலின் சைட்ஸ்கோரையும் இன்னொன்றின் இம்பெக்ட் ஃபெக்டரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொத்தையும் கிலோவையும் ஒப்பிடுகிற வேலை அது. கியூ 1, கியூ 2 என்பது துறைக்குள் எந்தக் கால்வாசியில் நிற்கிறது என்ற தரம். ஒரே ஜேர்னல் நீர்வளப் பிரிவில் கியூ 1 ஆகவும் பொதுப் புவி விஞ்ஞானப் பிரிவில் கியூ 2 ஆகவும் இருக்கலாம். ஆகவே "கியூ 1" என்று யாராவது சொன்னால் எந்தப் பிரிவில், எந்த வருடம் என்று கேளுங்கள்.

பார்க்கும் இடம்: ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலும், அதன் தரவைக் கொண்டு ஜேர்னல்களைத் தரப்படுத்தும் சிமாகோ தளமும் இலவசம். இம்பெக்ட் ஃபெக்டரைக் கணக்கிட்டு வெளியிடும் நிறுவனம் கிளாரிவேட். அதன் பட்டியலுக்குச் சந்தா வேண்டும். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கிறீர்கள் என்றால் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஜேர்னலின் பெயரைக் கொண்டு தேடாதீர்கள், ஒவ்வொரு இதழுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். இலக்கத்தைக் கொண்டு தேடுங்கள். உண்மையான ஜேர்னலின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்கோபஸ் பக்கத்தில் எந்த வருடம் வரை சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். இடையில் நிறுத்தப்பட்டதை மறைத்துப் பழைய பெருமை பேசும் ஜேர்னல்கள் பல. கூகிள் ஸ்கொலரில் வருகிறது என்பது ஒரு தகுதியே அல்ல. அது இயந்திரம் பொறுக்குவது.

இன்னொரு சின்னத் தடயம். கிளாரிவேட் 2023இல் வெளியிட்ட பட்டியலிலிருந்து இம்பெக்ட் ஃபெக்டரை ஒரு தசம இடத்துக்கு மட்டும்தான் கொடுக்கிறது. கடைசி வருட இலக்கம் 7.214 என்று மூன்று தசமத்தில் மினுங்கினால், அல்லது இம்பெக்ட் ஃபெக்டருக்கு முன்னால் உலகம், அண்டம் என்று ஏதாவது அடைமொழி ஒட்டியிருந்தால், அந்த இடத்தில் பேர்ஸை மூடிவிடுங்கள்.

காசு இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல பள்ளிக்கூடமும் இருக்கிறது. ஐரோப்பியப் புவி விஞ்ஞான ஒன்றியத்தின் ஜேர்னல்களில், இயற்கை அனர்த்தங்கள் பற்றியதும் நீரியல் பற்றியதும் உட்பட, மதிப்பீட்டாளர்கள் எழுதும் கேள்விகளை யாரும் வாசிக்கலாம். கட்டுரையும் திறந்திருக்கும், ஏச்சும் திறந்திருக்கும். உங்கள் தலைப்புக்குக் கிட்டிய மூன்று கட்டுரைகளின் விவாதத்தை வாசித்தால், உங்களிடம் என்ன கேட்பார்கள் என்பதில் பாதி முன்கூட்டியே தெரிந்துவிடும். வெளியிடும் கட்டணம் உள்ள ஜேர்னல் என்றால், அனுப்புவதற்கு முன்பே தள்ளுபடி கேட்டு எழுதுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் கடினம். இந்திய விஞ்ஞான அக்கடமியின் ஜேர்னல் ஒஃப் எர்த் சிஸ்டம் சயன்ஸ், எங்கள் தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஜேர்னல் இரண்டையும் இலக்கம் சின்னது என்று தள்ளிவிடாதீர்கள். எங்கள் மண்ணில் அடுத்த ஆய்வைச் செய்யப்போகிறவர் அவற்றை வாசிப்பார்.

மறுகா, மகளின் உசாத்துணைப் பட்டியலை எண்ண உட்கார்ந்தோம். 38 இருந்தது. கழிமுகம், களப்பு பற்றிய இரண்டு ஜேர்னல்கள் மாறி மாறி வந்தன. அவை கடைசியாகப் போட்ட தலைப்புகளைக் கொப்பியில் எழுதினாள். இருபத்தைந்துக்கு மேல் போனதும் பேனையை வைத்துவிட்டுத் தன் தலைப்பைப் பார்த்தாள். "மட்டக்களப்பு வாவி முகத்துவாரத்தின் உவர்த்தன்மை: ஓர் ஆய்வு" என்று இருந்தது. "மாமி, இதுல கேள்வியே இல்லியே" என்றாள். முகத்துவாரம் வெட்டி எத்தனை நாளில் உவர் படுவான்கரை வாய்க்காலுக்கு வருகிறது என்று கேட்டேன். அந்த இலக்கம் அவளிடம் இருந்தது, நாலாவது அத்தியாயத்தில், ஒரு அட்டவணையின் கடைசி வரியில். அதை முன்னுக்குக் கொண்டுவந்து தலைப்பைத் திரும்ப எழுதத் தொடங்கினாள். நான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.