பல் தெறித்து விழுந்தால், தாடை வீங்கினால்: கிளினிக் திறக்கும் வரை என்ன செய்வது?

சில ஆண்டுகளுக்கு முன், பர்மியப் புத்தாண்டுக்கான தின்ஜான் தண்ணீர்த் திருவிழாவின் இரண்டாம் நாள். பத்து வயதான என் அண்ணன் மகன் ஈரமான லாரிப் படியில் வழுக்கி முகங்குப்புற விழுந்தான். மேல் முன்பல் ஒன்று வேரோடு தெறித்துவிட்டது. அண்ணி அதைத் தேடியெடுத்து, பல்பொடி போட்டுத் தேய்த்துக் கழுவி, காகிதத்தில் சுற்றிப் பைக்குள் பத்திரப்படுத்தினார். ரங்கூனில் அன்று திறந்திருந்த ஒரு கிளினிக்கைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. பல்லைக் கையில் வாங்கிய மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "இதைத் தேய்த்தது யார்?" அண்ணி அன்று அழுத அழுகைதான் என்னை இதையெல்லாம் கேட்டுப் படிக்க வைத்தது.

முதல் படி: எது காத்திருக்காது என்று பாருங்கள்

பல்வலி எல்லாமே உயிர் போகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தானது பெரும்பாலும் வலி அல்ல, வீக்கம். தாடைக்கு அடியில் கழுத்துவரை வீங்குகிறதா? நாக்கின் அடிப்பகுதி தடித்து நாக்கை மேலே தள்ளுகிறதா? எச்சிலை விழுங்க முடியாமல் வழிகிறதா? குரல் மாறி, மூச்சு கனக்கிறதா? கண் மூடும் அளவுக்குக் கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக்கைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நேரே போங்கள், இரவு இரண்டு மணியானாலும். கார் இல்லையென்றால் உங்கள் பேட்டையில் இயங்கும் பரஹித (இலவசத் தொண்டு) அமைப்பின் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பல்லில் தொடங்கிய சீழ் கழுத்துக்குள் இறங்கி மூச்சுக்குழாயை நெருக்கும். சில மணி நேரத்தில் நிலைமை மாறிவிடலாம்.

வாய் திறக்க முடியாமல் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. நேற்றுவரை நன்றாகத் திறந்த வாய் இன்று வீக்கத்தோடு இரண்டு விரல்கூட நுழையாமல் இறுகினால் அது அவசரம். பல ஆண்டுகள் வெற்றிலை பாக்குப் போட்டவருக்குக் கன்னத்தின் உட்புறம் விறைத்துப்போய் வாய் மெல்ல மெல்லச் சுருங்குவது வேறு கதை. அதற்கு இன்றிரவே ஓட வேண்டாம். ஆனால் அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை, ஆகவே இந்த மாதத்துக்குள் காட்டியே ஆக வேண்டும்.

விழுந்தவர் மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ பல்லை மறந்துவிட்டு, தலையில் அடிபட்டிருக்கலாம் என்று நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பல் வேரோடு விழுந்துவிட்டால்

இங்கே நிமிடக்கணக்குதான் முக்கியம். பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். திரும்ப வைத்த பல் எலும்போடு பிடிப்பது அதிலுள்ள உயிரணுக்களால்தான். அரை மணி நேரம் காற்றில் காய்ந்தாலே அவற்றில் பெரும்பாலானவை செத்துவிடும். தேய்த்தால் அப்போதே போயிற்று.

1. அது பால்பல்லா என்று பாருங்கள். பால்பல்லைத் திரும்ப வைக்கவே கூடாது, உள்ளே முளைத்துக்கொண்டிருக்கும் பல் கெடும். மேல் முன்பல் ஏழெட்டு வயதில் நிரந்தரப் பல்லாக முளைக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

2. வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரில் விரல் படக்கூடாது.

3. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ சில விநாடிகள் அலசுங்கள். சோப்பு, பல்பொடி, துணி எதுவும் வேண்டாம்.

4. அடிபட்டவர் தெளிவாக இருந்தால், பக்கத்துப் பல்லைப் பார்த்துத் திசை சரிசெய்து, குழியில் மெதுவாக வைத்து அழுத்துங்கள். சுத்தமான துணியை மடித்துக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்கவே கூசும். ஆனால் உங்களால் செய்யக்கூடியவற்றில் இதைவிடச் சிறந்தது கிடையாது.

5. கை வரவில்லையா? பாலில் போட்டு எடுத்துப் போங்கள். வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புப் பொட்டலம் இருந்தால் அதைக் கரைத்த நீரும் நல்லது. எதுவும் இல்லையென்றால் அடிபட்டவரையே ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்லி அந்த எச்சிலில் போடலாம். வெறும் தண்ணீர் கடைசிப் புகலிடம்தான், என்றாலும் காய விடுவதற்கு அது மேல்.

பாலென்றதும் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. தேநீர்க்கடைக்கு ஓடினால் அவர் நீட்டுவது சர்க்கரை கலந்த டப்பாப் பால். அது பல்லுக்கு ஆகாது. பால்காரரின் பாலோ, சர்க்கரை சேர்க்காத பெட்டிப் பாலோதான் வேண்டும். காய்ச்சி ஆறிய பாலாக இருந்தாலும் சரி.

நேரம் கடந்துவிட்டாலும் பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கையோடு கொண்டு போங்கள். மருத்துவர் அதைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துச் சுமார் இரண்டு வாரம் கட்டிவைப்பார். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் கேட்பார்.

பல் உடைந்தால்

கொட்டைப்பாக்கைக் கடித்துப் பல்லை இரண்டாக்கிக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. உடைந்த துண்டு கிடைத்தால் அதையும் பாலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், சில நேரம் ஒட்டிவிட முடியும். உடைந்த இடத்தின் நடுவில் சிவப்புப் புள்ளியோ இரத்தமோ தெரிந்தால் நரம்பு திறந்துவிட்டது என்று பொருள், அன்றே போக வேண்டும். ஓரம் மட்டும் உதிர்ந்து வலியில்லை என்றால் நாளை போனால் போதும்.

விடியும் வரை வலியைத் தாங்க

வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளியுங்கள். சிக்கிய உணவை நூலால் எடுங்கள். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் எட்டு மாத்திரையைத் தாண்டக்கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவை எடுக்கக்கூடாது. குழந்தைக்கு எடைக்கேற்ற அளவுதான். கன்னத்தின் வெளிப்பக்கம் குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். மின்சாரம் போய் ஐஸ் இல்லாவிட்டால் நனைத்த துணி போதும். சூட்டு ஒத்தடம் வேண்டாம். கிராம்புத் தைலம் ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டுச் சொத்தைக் குழியில் வைக்கலாம், ஈறில் பட்டால் வெந்துவிடும்.

செய்யக்கூடாதவை பற்றி எனக்குக் கோபமே உண்டு. ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது, புகையிலையை அடக்கிக்கொள்வது, பெயர் எழுதாத கலவை மாத்திரைப் பொட்டலத்தைக் கடையில் வாங்கி விழுங்குவது. பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் இரண்டைப் போட்டுக்கொண்டு சரியாகிவிட்டது என்று நம்புவது இன்னொன்று. சொத்தையைத் தோண்டி எடுக்காமல் எந்த மாத்திரையும் அதைக் குணப்படுத்தாது.

பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்கவில்லையென்றால் சுத்தமான துணியை மடித்து வைத்து அரை மணி நேரம் விடாமல் கடித்திருங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்க்காதீர்கள், துப்பாதீர்கள், வெற்றிலையும் சுருட்டும் அருகிலேயே வரக்கூடாது. அப்படியும் ஒழுகினால் ஆஸ்பத்திரிதான்.

போகும்போது

பல் வலிக்கிறது என்பதற்குப் பர்மியத்தில் "த்வா கைட் தெ" என்று சொன்னால் போதும். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை எடுத்துப் போங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அண்ணி இப்போது ஒவ்வோர் ஏப்ரலிலும் திருவிழாவுக்கு முன்பே கிளினிக்குகளுக்குப் போன் செய்து, எது எந்த நாளில் திறந்திருக்கும் என்று கேட்டு எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டிவிடுகிறார். அதற்குக் கீழே ஓர் ஆணியில், ரப்பர் பேண்டு போட்டு, இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள்.