1978-இன் ‘சூப்பர்மேன்’: வீட்டுத் திரையில் முறையாகப் பார்க்கும் வழி

ரிச்சர்ட் டோனர் இயக்கி 1978 டிசம்பரில் வெளியான ‘சூப்பர்மேன்’ திரைப்படம், வீடியோ கேசட் காலம் தொடங்கி டிவிடி, ப்ளூ-ரே, 4கே என்று ஒவ்வொரு வடிவத்திலும் தவறாமல் மறுவெளியீடு கண்டு வருகிறது. கணினி வரைகலையில் ஊறிய இன்றைய கண்களுக்கு இதன் தந்திரக் காட்சிகள் சில பழையனவாகத் தோன்றலாம். ஆயினும் சூப்பர்மேனாக வரும் கிறிஸ்டோபர் ரீவின் நடிப்பும் ஜெஃப்ரி அன்ஸ்வொர்த்தின் ஒளிப்பதிவும் இன்றுவரை மங்கவில்லை. அவை இரண்டும் சேதமில்லாமல் வீட்டுக்கு வந்து சேர வேண்டுமானால், சரியான பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு தொலைக்காட்சிப் பெட்டி தன் போக்கில் படத்தைச் ‘சீர்செய்வதை’ நிறுத்த வேண்டும்.

முதலில் பதிப்பு. திரையரங்கில் வெளியான வடிவம் 143 நிமிடங்கள் ஓடக்கூடியது. 2000-இல் டோனரின் மேற்பார்வையில் உருவான விரிவாக்கப் பதிப்பு 151 நிமிடங்கள் நீளமுடையது. சூப்பர்மேன் தன் முதல் இரவுச் சாகசங்களுக்குப் பிறகு தந்தை ஜோர்-எல்லிடம் பேசும் காட்சியும், வில்லன் லெக்ஸ் லூதரின் நிலத்தடி இருப்பிடத்துக்குள் நுழையும்போது நெருப்பையும் பனியையும் தோட்டாக்களையும் கடந்து வரும் காட்சியும் அதில் சேர்க்கப்பட்டன. இவை தவிர, தொலைக்காட்சியில் ஒளிபரப்புவதற்கென்று நீட்டப்பட்ட, மூன்று மணி நேரத்தையும் தாண்டும் 188 நிமிட வடிவம் ஒன்றும் உண்டு. 2017-இல் அதுவும் ப்ளூ-ரேயில் வந்துவிட்டது. முதன்முறை பார்ப்பவருக்குத் திரையரங்கு வடிவமே உகந்தது. நாயகன் அந்த உடையில் தோன்றுவதற்கே முக்கால் மணி நேரம் போல ஆகிவிடும் இந்தப் படத்துக்கு மேலும் நீளம் தேவையில்லை என்பது என் கருத்து. 188 நிமிட வடிவம், படத்தை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருப்பவர்களுக்கானது. 2018-இல் நாற்பதாம் ஆண்டையொட்டி வெளியான 4கே வட்டில் இருப்பது திரையரங்கு வடிவமே. 4கே வசதி இல்லாதவர்கள் அதே வடிவத்தின் ப்ளூ-ரேயைத் தேடி எடுத்தால் போதும். வாங்குமுன் உறையில் அச்சிடப்பட்டுள்ள ஓடும் நேரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது தொலைக்காட்சியின் அமைப்புகள். இங்கேதான் பெரும்பாலான சேதம் நிகழ்கிறது. படம் தொடங்கியவுடன் ஒரு திரைச்சீலை விலக, நடுவில் சிறிய சதுரம் போன்ற சட்டத்துக்குள் கறுப்பு-வெள்ளையில் ஒரு சித்திரக்கதைப் புத்தகம் தெரியும். சிறுவன் ஒருவனின் குரல் அதைப் படிக்கும். ‘படம் சிறிதாக வருகிறதே’ என்று எண்ணி யாரும் அந்த நேரத்தில் ரிமோட்டை எடுத்து ஜூம் பொத்தானை அழுத்திவிடக் கூடாது. சில நொடிகளில் பெயர்கள் விண்வெளியிலிருந்து பாய்ந்து வந்து அந்தச் சட்டத்தின் விளிம்புகளைக் கடந்து அகலத் திரை முழுவதும் பரவும். அந்தப் பரவசத்துக்காகவே தொடக்கம் அவ்வளவு சிறிதாக வைக்கப்பட்டிருக்கிறது. அதன்பின் படம் முழுவதும் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் இருக்கும். அவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும். படம் மிக அகலமான பனாவிஷன் விகிதத்தில் எடுக்கப்பட்டது. பட்டைகளைப் போக்க முயன்றால், கனடாவின் ஆல்பர்ட்டாவில் படமாக்கப்பட்ட கோதுமை வயல்களில் கால்வாசி காணாமல் போய்விடும்.

பிறகு ஷார்ப்னெஸ் அளவைக் குறைக்க வேண்டும். அன்ஸ்வொர்த் தம் லென்ஸ்களின் முன் மென்மையூட்டும் ஃபில்டர்களை வைத்தே பெரும்பகுதியைப் படமாக்கினார். விளக்குகளைச் சுற்றி ஒளி கசிவதும் முகங்களின் ஓரங்கள் சற்றே கரைவதும் அவர் திட்டமிட்டுச் செய்தவை. படம் வெளிவருமுன்பே அவர் காலமானதால், படம் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. அந்த மென்மையை ‘தெளிவில்லாத பிரதி’ என்று கருதி ஷார்ப்னெஸ்ஸை ஏற்றினால், ஓரங்களில் வெள்ளைக் கோடுகள் முளைப்பதுதான் மிச்சம். ஃபிலிம் துகள்களை அழிக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் வசதியையும் அதே காரணத்துக்காக அணைத்துவிடலாம்.

அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் என்ற வசதியைக் கட்டாயம் அணைக்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் இதன் பெயர் மாறும் என்பதால், பட அமைப்புகளில் அசைவு தொடர்பான பகுதியில் தேடிப் பார்க்க வேண்டும். பறக்கும் காட்சிகளில் பலவற்றுக்கு ஜோரான் பெரிசிக் உருவாக்கிய முறை பயன்பட்டது: கேமராவிலும் பின்னணிக் காட்சியை வீசும் புரொஜெக்டரிலும் இணைந்தே இயங்கும் ஜூம் லென்ஸ்கள் இருக்கும், பின்னணியின் அளவு மாறாதிருக்க, அசையாமல் தொங்கும் நடிகர் மட்டும் பெரிதாகி நம்மை நோக்கிப் பாய்ந்து வருவதுபோல் தெரிவார். நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்ற வேகத்தில் இந்த மாயம் பலிக்கிறது. தொலைக்காட்சி இடையிடையே தானே சட்டங்களை உண்டாக்கிச் செருகினால், நடிகர் வேறு, வானம் வேறு என்று பிரிந்து ஒட்டுப்படம்போல் ஆகிவிடும். வண்ணத்திலும் கைவைக்க வேண்டாம். பின்னணியை மாற்றுவதற்காக நீலத் திரைக்கு முன் எடுத்த காட்சிகளில் நீல உடை மறைந்துவிடக் கூடாது என்பதற்காகப் பசுமை கலந்த நீல உடையைப் பயன்படுத்தி, பின்னர் வண்ணத்தைச் சரிசெய்தார்கள். ஆகவே உடையின் நீலம் காட்சிக்குக் காட்சி சிறிது மாறுவது இயல்பே. ‘ஃபிலிம்மேக்கர்’ அல்லது ‘சினிமா’ என்ற பட அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இவற்றில் பெரும்பாலானவை ஒரே அழுத்தலில் சரியாகிவிடும்.

ஒலியில் செய்ய வேண்டியது குறைவு. விரிவாக்கப் பதிப்புக்காகப் பல ஒலி விளைவுகள் புதிதாக மாற்றப்பட்டன. வட்டின் மெனுவில் பழைய திரையரங்கு ஒலித்தடம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். தொடக்கப் பெயர்களின்போது ஜான் வில்லியம்ஸின் இசைக்குச் சற்றே தாராளமாக ஒலியளவு வைப்பதில் தவறில்லை.

இரண்டாம் முறை பார்ப்பவர்கள் ஒரு காட்சியை மட்டும் நிறுத்தி நிதானமாகப் பார்க்கலாம். நாயகி லோயிஸ் லேனை வானில் அழைத்துச் சென்று திரும்பவிட்ட சிறிது நேரத்தில், சூப்பர்மேனின் சாதாரண மனித வேடமான கிளார்க் கென்ட்டாக அதே வீட்டு வாசலில் வந்து நிற்கிறார் ரீவ். அவள் உள்ளே சென்றதும் கண்ணாடியைக் கழற்றுகிறார். கூனிய தோள்கள் நிமிர்கின்றன, உயரமே கூடியதுபோல் தெரிகிறது, குரல் தாழ்ந்து கனக்கிறது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தவர் மனம் மாறி, மறுபடி கண்ணாடியை அணிந்து அப்படியே குறுகிவிடுகிறார். இதில் தந்திரக் காட்சி எதுவும் இல்லை. ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் அடையாளம் தெரியாமல் போகுமா என்று கேலி செய்பவர்களுக்கு இந்தச் சில நொடிகளைக் காட்டினால் போதும்.

இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி இதனுடனேயே சேர்த்துப் படமாக்கப்பட்டது. டோனர் நீக்கப்பட்டு ரிச்சர்ட் லெஸ்டர் அதை முடித்தார். டோனரின் காட்சிகளைக் கொண்டு தொகுத்த மாற்று வடிவம் 2006-இல் வெளிவந்தது. அந்த வடிவமும் முதல் பாகத்தைப் போலவே காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் உச்சக்காட்சியில்தான் முடிகிறது என்பதால், முதல் பாகத்தைப் பார்த்த கையோடு அதை ஓடவிடாமல் சில வாரங்கள் இடைவெளி விடுங்கள். தொடர்ந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் லெஸ்டரின் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.